மாத்திரை எழுதும்போதே இருமலையும் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர்களிடமும், அதை எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடைக்காரர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்தக் கடிதம். ரமிப்ரில், எனாலப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடியும் மாத்திரைகளைக் கொடுக்கும்போது, “இது சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். வந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பத்து விநாடிகூட ஆகாது. அந்த ஒரு வார்த்தை காதில் விழாததால் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் நடந்த ஒரு பரிசோதனையில் அழுத்தம் அதிகம் என்று தெரிந்து, டாக்டரைப் பார்த்து, ரமிப்ரில் ஆரம்பித்தேன். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. காலையில் எழுந்ததும் பிடரியில் இருந்த பாரம் போயிற்று. அழுத்தம் நிலைக்கு வந்தது. டாக்டருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இருமல் அப்போது வரவில்லை. மாத்திரை சாப்பிடுவது பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போய், அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல் போன பிறகுதான் மெல்ல ஆரம்பித்தது. இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது. சிலருக்கு முதல் மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே வருமாம். சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். நேற்றுப் போட்ட மாத்திரை என்றால் சந்தேகம் வரும். பல மாதமாகச் சாப்பிடுகிற மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்?

அது எப்படிப்பட்ட இருமல் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். படிப்பவர்களில் யாருக்காவது தன்னுடையதும் இதுதானோ என்று தோன்றலாம். சளி கிடையாது. காய்ச்சல் கிடையாது. தொண்டைக் குழியில், சரியாக எலும்பு கூடும் பள்ளத்துக்கு மேலே, ஒரு அரிப்பு. தண்ணீர் குடித்தால் அடங்குவது போலிருக்கும், குடித்து முடித்ததும் திரும்ப வரும். இருமினால் எதுவும் வெளியே வராது, அதனால் இருமி முடித்த நிம்மதியும் வராது. படுத்தால் அதிகம். பேசினால் அதிகம். சிரித்தால் உடனே வரும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போடாமல், வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாதே என்று தலையணையில் வாயைப் புதைத்து இருமியிருக்கிறேன்.

என் தொழில் பேசுவது. தேற்றத்தின் நிரூபணம் பாதியில் நிற்கும். கரும்பலகை பக்கம் திரும்பி, முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தை வரைவது போல பாவனை செய்துகொண்டு இருமலை அடக்குவேன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். முதல் பெஞ்சில் இருக்கும் ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலை மேஜை ஓரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய் உட்காருவாள். சாக்பீஸ் தூசிதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் அழிப்பானை ஈரம் செய்து துடைத்துப் பார்த்தேன், முகக்கவசம் போட்டுப் பாடம் நடத்திப் பார்த்தேன். விடுமுறையில் சாக்பீஸைத் தொடாத நாட்களிலும் இருமல் அப்படியே இருந்தது. தேர்வு அறை மேற்பார்வைதான் எனக்கு மிகவும் வேதனை. எல்லாப் பிள்ளைகளும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் அந்த நிசப்தத்தில் ஒருத்தி விடாமல் இருமினால் அவர்கள் எப்படி யோசிப்பார்கள்? வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருவேன். வந்து நின்றதும் மறுபடி வரும். கடைசியில் தலைமையாசிரியரிடம் கேட்டு மேற்பார்வையிலிருந்து விலகிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்கள் இதை டாக்டரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, வயதும் ஐம்பதைத் தாண்டியாயிற்று. இப்படி அடிவயிறு குலுங்க இருமினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆன பிறகு, மறுபடியும் நாப்கின் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மாற்றுப் புடவை ஒன்று என் அலமாரியில் எப்போதும் இருந்தது. விடாமல் இருமியதில் விலா எலும்பில் விரிசல் விட்டவர்களும் உண்டு என்று பிறகு அறிந்தேன். “இருமல்தானே, சின்னப் பக்கவிளைவு” என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் இந்த மாத்திரை இருமல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய்க்கு சளிப் பரிசோதனை சொன்னார்கள், கொடுக்கச் சளியே வரவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒவ்வாமை என்று ஒரு மாத்திரை, தூங்கி வழிந்தேன். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர். வயிற்று அமிலம் மேலே ஏறி வருகிறது என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. நடுவில் பாட்டில் பாட்டிலாக இருமல் சிரப். இந்தப் பரிசோதனைகளை நான் குறை சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் வேண்டும். என் ஆதங்கம் வேறு. பார்த்த எல்லா டாக்டர்களும் “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார்கள். “பிரஷருக்குச் சாப்பிடுகிறேன்” என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு, தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எந்த மாத்திரை என்ற கேள்வி வரவேயில்லை. அந்தக் கேள்வி மட்டும் வந்திருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன்பே விஷயம் முடிந்திருக்கும்.

சிரப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சளிக்கும் இருமலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மருந்துகளில் ஃபினைலெஃப்ரின் போன்ற, மூக்கடைப்பைப் போக்கும் சரக்கு சேர்ந்திருக்கும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அழுத்தத்தைக் குறைக்கச் சாப்பிடும் மாத்திரையால் இருமல் வந்து, அந்த இருமலுக்கு அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் குடிப்பது என்றால் எவ்வளவு பெரிய கொடுமை! அழுத்தம் உள்ளவர்கள் எந்த சிரப்பையும் கேட்காமல் குடிக்காதீர்கள்.

என் இருமலுக்குக் காரணம் கண்டுபிடித்தது நெஞ்சு நிபுணர் இல்லை. கண் மருத்துவமனையில் ஒரு நர்ஸ். எனக்குக் கண்புரை அறுவைசிகிச்சை நாள் குறித்திருந்தது. அந்த அறுவைசிகிச்சையின்போது மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். கண்ணில் கருவி இருக்கும் நேரத்தில் ஒரு இருமல் வந்தாலும் ஆபத்து. அதனால் அந்த நர்ஸ் என்னை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. எழுந்து உட்காரச் சொல்லிவிட்டு, “அம்மா, நீங்கள் தினமும் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்து வையுங்கள்” என்றார். கைப்பையைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பளபளக்கும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் படித்தார். ரமிப்ரில் அட்டை வந்ததும் நிறுத்தி, “இருமல் முதலில் வந்ததா, இந்த மாத்திரை முதலில் வந்ததா?” என்று கேட்டார். மாத்திரைதான் முதலில் என்றேன். “இதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய், இருமலைச் சொல்லி, மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுவரை இதையே சாப்பிடுங்கள், விட்டுவிடாதீர்கள். கண் அறுவைசிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்” என்றார். வயது முப்பதுகூட இருக்காது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை எழுதிய டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். “ஆமாம், வரும்” என்றார். அந்த ‘ஆமாம், வரும்’ என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கேட்ட பிறகு பொறுமையாக விளக்கினார், அதற்கு நன்றி. உடம்பில் ஏசிஇ என்று ஒரு நொதி இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. ரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உண்டாக்குவது ஒன்று. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைத்து அப்புறப்படுத்துவது இன்னொன்று. ‘ப்ரில்’ மாத்திரைகள் இந்த நொதியையே கட்டிப்போடுகின்றன. முதல் வேலை நின்றதும் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் இரண்டாவது வேலையும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. சிதைய வேண்டிய பிராடிகைனின் மூச்சுப் பாதையில் தங்கி, இருமலைத் தூண்டும் நரம்பு முனைகளைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. இதில் சளி எங்கிருந்து வரும்? எந்தச் சிரப் எதைக் கரைக்கும்?

அதன்பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரேசில் நாட்டு ஜராராகா என்ற விரியன் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். அந்த விஷத்தை ஆராய்ந்தபோதுதான் 1940-களின் கடைசியில் ரோச்சா இ சில்வா என்ற விஞ்ஞானியின் குழு பிராடிகைனினையே கண்டுபிடித்தது. பிராடிகைனினின் வேலையைக் கூட்டும் பொருள் ஒன்று அதே விஷத்தில் இருப்பதை 1965-இல் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டார். அந்தத் தடத்தில் போய்த்தான் கேப்டோப்ரில் உருவாகி, 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வகையில் முதல் மாத்திரை அதுதான். ஆக, மாத்திரையும் பிராடிகைனினும் ஒரே ஆராய்ச்சியில் பிறந்தவை. இருமல் வருகிறது என்று 1980-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளிலும் இருக்கிறது. அட்டையாகக் கிழித்து வாங்குகிறவர்கள் கையில் அந்தத் தாள் எப்போது வந்து சேரும்? இவ்வளவு காலமாக டாக்டர்களுக்குத் தெரிந்த ஒன்று, மாத்திரையை விழுங்குகிறவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது எந்த விதத்தில் நியாயம்?

அரிதான பக்கவிளைவு என்றால்கூடச் சரி, விட்டுவிடலாம். நூறு பேர் சாப்பிட்டால் ஐந்திலிருந்து இருபது பேர் வரை இருமுகிறார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. என் வகுப்பில் நாற்பது பேர். அத்தனை பேரும் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேராவது, அதிகபட்சம் எட்டுப் பேர் இருமுவார்கள். இது அரிது இல்லை. சொல்லியே ஆக வேண்டிய அளவு.

மாற்று இல்லாமலும் இல்லை. லோசார்டான், டெல்மிசார்டான், வல்சார்டான், ஓல்மிசார்டான் என்று ‘சார்டான்’ என முடியும் வகை இருக்கிறது. இவற்றில் முதலாவதான லோசார்டான் 1995-இலேயே வந்துவிட்டது. இவை அந்த நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைத்துவிடுகின்றன. பிராடிகைனின் வழக்கம்போலச் சிதைந்துவிடுகிறது. அதனால் இந்த இருமல் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் ஒரு ‘ப்ரில்’லை நிறுத்திவிட்டு இன்னொரு ‘ப்ரில்’லுக்கு மாறுவதில் பெரிய பயன் இல்லை. இருமல் அந்த வகை முழுவதற்கும் பொது. மாத்திரை அளவைப் பாதியாக்கினாலும் பெரும்பாலும் போகாது. கம்பெனிப் பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டதாக நினைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் மருந்துப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். கலவை மாத்திரைகளில் இன்னும் கவனம் தேவை. அம்லோடிபினோடு பெரிண்டோப்ரில் சேர்ந்த மாத்திரையும் உண்டு, ரமிப்ரிலோடு சிறுநீர் பிரிக்கும் மருந்து சேர்ந்ததும் உண்டு.

எனக்கு டெல்மிசார்டான் கொடுத்தார்கள். மறுநாளே இருமல் நின்றுவிடவில்லை. “மாத்திரையை மாற்றியும் இருமுகிறாயே, இது வேறு ஏதோ” என்று வீட்டுக்காரர் பயந்துவிட்டார். இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: பழைய மாத்திரையை நிறுத்திய பிறகு இருமல் அடங்க ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். எனக்கு முதலில் ராத்திரி இருமல் குறைந்தது. அப்புறம் பகலில். ஒருநாள் வட்டத்தின் தொடுகோட்டைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் நிறுத்தாமல் பேசி முடித்தேன். மணி அடித்த பிறகுதான் இருமவே இல்லை என்பது உறைத்தது. கண் அறுவைசிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் ‘ப்ரில்’ மாத்திரை விஷம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எனக்கு அந்தக் கவலை நிஜமாகவே இருக்கிறது. எனாலப்ரில் கொடுத்ததில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் மரணம் குறைந்தது என்று 1987-இலேயே ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்தவர்களுக்கும், சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் இந்த மாத்திரைகள் காவல். சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருமல் வருவதே இல்லை. அவர்கள் பயப்பட ஒன்றும் கிடையாது.

ஆபத்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவதில்தான் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் அண்ணனுக்கு இதே இருமல். மாத்திரையால்தான் வருகிறது என்று அவரே ஊகித்துவிட்டார். சரியான ஊகம்தான். மாத்திரையை நிறுத்தினார், இருமல் நின்றது, அதோடு டாக்டரையும் மறந்துவிட்டார். பல மாதம் கழித்துப் பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர் அழுத்தம் பார்த்தால் 190/110. பல்லைத் தொட மாட்டேன் என்று சொல்லி, அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதருக்கு எந்த வலியும் இல்லை, தலைசுற்றல் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். “இருமல் வந்தால் வாருங்கள், வேறு இருக்கிறது” என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி பயந்து மாத்திரையை விட்டுவிடுவார் என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில், சொல்லாமல் விட்டதால்தான் விட்டுவிடுகிறார்கள்.

அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வரும் எல்லா இருமலும் மாத்திரையால் வருவதும் இல்லை. சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, மூச்சு வாங்குவது, கால் வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே பரிசோதனை தேவை. படுத்தால் மூச்சுத் திணறி இருமல் வருவது இதயத்தின் கோளாறாகவும் இருக்கலாம். இன்னொன்று, மிக அரிது, ஆனால் உயிர் போகிற விஷயம்: ‘ப்ரில்’ சாப்பிடுகிறவருக்கு உதடோ நாக்கோ முகமோ திடீரென்று வீங்கினால், அடுத்த மாத்திரையைத் தொடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அது எத்தனையாவது மாதத்திலும் வரலாம். ஒருமுறை அப்படி வீங்கியவர்கள் இந்த வகை மாத்திரையைப் பிறகு எப்போதும் சாப்பிடக் கூடாது. புது டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்ல வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எதற்காக டாக்டரிடம் போனாலும் “பிரஷர் மாத்திரை” என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், அட்டையைக் கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள். கடைசி மாத்திரை தீர்ந்த அட்டையைத் தூக்கி எறியாமல் பைக்குள் போட்டு வைத்தாலே போதும். வீட்டில் அப்பா, அம்மா, மாமியார் யாராவது காரணம் தெரியாமல் இருமிக்கொண்டிருந்தால் இன்றைக்கே அவர்களுடைய அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ‘ப்ரில்’ என்று இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று எழுதுகிறீர்கள், நல்லதுதான். அதோடு, அதிகம் பேர் சாப்பிடும் அழுத்த மாத்திரைகளுக்கு என்னென்ன பக்கவிளைவு, எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்று ஒரு டாக்டரையும் ஒரு மருந்தாளுநரையும் சேர்த்து எழுத வையுங்கள். மருந்துகளின் பெயர்களைத் தமிழிலேயே, சற்றுப் பெரிய எழுத்தில் போடுங்கள். அதை வெட்டி மருந்து டப்பாவில் வைத்துக்கொள்ளப் போகிறவர்களில் பலருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை
(பெயரை வெளியிட வேண்டாம்)